ஒன்றேகால் மணிச் சோறு

கோம்பையில் ஜோதிலட்சுமி வடித்த சோற்றில் ஓர் ஆள் பங்கு, தினமும் மதியம் ஒன்றேகால் மணிக்கு, யாரும் தொடாமல் யாரும் சுமக்காமல், கம்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்த நதியாவின் டிபன் பாக்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. குழம்பும் தொடுகறியும் கூடவே போயின. தக்காளி கிலோ நூற்று இருபதுக்கு விற்ற ஆடி மாதத்தில் தொடங்கியது, பதினான்கு மாதம் நடந்தது. விடியுமுன் வடித்த சோறு கோம்பைப் பானையில் ஆறிக் கிடக்கும். அதே சோறு கம்பத்தில் மூடியைத் திறந்தால் ஆவி பறக்கும். மனுஷர் போவதென்றால் உத்தமபாளையத்தில் இறங்கி பஸ் மாற வேண்டும். சோற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதலில் அந்த வீட்டைச் சொல்லிவிட வேண்டும். ஜோதிலட்சுமியின் புருஷன் கருத்தக்கண்ணன் ஜீப் ஓட்டுகிறவன். இருட்டோடு ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம் மெட்டு ஏறிக் கேரளாவுக்குப் போய், பொழுது சாய இறங்கி வருவான். அங்கே பழகிய தோஷம், சோறு போதும் என்பதற்கு 'மதி, மதி' என்பான். மூத்தவன் சூரியபிரகாஷுக்குத் தேனியில் பைக் ஷோரூமில் வேலை. இளையவன் திலீபன் பாலிடெக்னிக் படிக்கிறான். மாமியார் சங்கிலியம்மாள் அறுபத்தாறு வயதிலும் திராட்சைப் பந்தலுக்குக் குலை கத்தரிக்கப் போகிறவள். வீட்டில் உட்காருங்கள் என்றால் சண்டைக்கு வருவாள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது கடைசியாக எப்போது என்று கேட்டால், ஓட்டுப் போட்ட அன்றைக்கு என்பார்கள். அன்றைக்குத்தான் எல்லோருக்கும் லீவு. மற்ற நாளெல்லாம் அவர்களை ஒரே வீடு என்று காட்டிக்கொண்டிருந்தது ஒரு பானைதான். ஜோதிலட்சுமி மூன்றரைக்கு எழுந்து ஒரு சோறு, ஒரு குழம்பு, ஒரு தொடுகறி வைப்பாள். தட்டாம்பயறும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு, இல்லாவிட்டால் பருப்பும் முருங்கைக்கீரையும், செவ்வாய் வெள்ளி தவிர்த்துக் கருவாடு. பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. இறக்கும்போது பூண்டைத் தோலோடு நசுக்கிப் போடுவாள், கடுகைக் கொஞ்சம் கருகவிடுவாள். மூன்று பேருக்கும் கட்டிக் கொடுத்து அனுப்பியபின் பானையில் மாமியார் பங்கும் அவள் பங்கும் இருக்கும். மாமியார் ஒரு மணிக்கு வந்து அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவாள். கடைசியாகத் தட்டை எடுப்பது ஜோதிலட்சுமி. ஆகவே காணாமல் போனது யாருடைய பங்கு என்பதில் ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை.

அரிசி அளப்பதில் அவளுக்குத் தாய்வீட்டுப் பழக்கம் ஒன்று உண்டு. வீட்டுத் தலைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது, எண்ணினால் குறையும் என்பது அவள் பிறந்த வீட்டு நம்பிக்கை. அதனால் டம்ளர் கணக்கெல்லாம் இல்லை. ஆளுக்கு மூன்று பிடி, பெயர் சொல்லிப் போடுவாள். அத்தைக்கு, அவுகளுக்கு, பெரியவனுக்கு, சின்னவனுக்கு, கடைசியில் எனக்கு. இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி, அது வாய்க்குத் தானாக வரும். சொல்கிற வாயைக் காது கவனிப்பதில்லை.

நதியா வேறு யாருமில்லை, சங்கிலியம்மாளின் தம்பி மகள். கருத்தக்கண்ணனுக்குத் தொட்டிலிலேயே பேசி வைத்த முறைப்பெண். முறைப்படி அந்தப் பானைக்கு அவள்தான் வந்திருக்க வேண்டும். லேப் படிப்புக்கு மதுரை போனவள், படித்து முடித்துத் திரும்பியதும், மச்சான் நல்ல மனுஷன்தான், எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சண்டை இல்லை, வேறொருத்தன் இல்லை, காரணமும் இல்லை. வேண்டாம், அவ்வளவுதான். அதற்குப் பிறகே ஜோதிலட்சுமியைப் பெண் கேட்டு வந்தார்கள். அடித்துப் பிடித்துப் பிரிந்திருந்தால்கூட அவள் மறந்திருப்பாள். ஒருத்தி வேண்டாம் என்று தள்ளிவைத்ததை எடுத்து வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு வருடமாகப் பொத்திப் பொத்திப் பார்க்கிறோம் என்ற நினைப்பு, மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது. நதியா வேலைக்காகத் திருப்பூரில் இருந்தவரை முள் சும்மா இருந்தது. அப்பா செத்த பிறகு அவள் கம்பத்து வீட்டுக்கே திரும்பி வந்து, கல்யாணம் காட்சி இல்லாமல், தனி ஆளாக ஸ்கேன் சென்டர் வேலைக்குப் போகத் தொடங்கினாள். காலை எட்டுக்குப் போனால் இரவு எட்டு. ஆடி மாதம் ஒரு சாயங்காலம் கருத்தக்கண்ணன் ஜீப்பைக் கழுவிக்கொண்டே, "கம்பத்துல நதியாவப் பாத்தேன். ஆளு மெலிஞ்சு ஓடாப் போச்சு. ஓட்டல்லதேன் சாப்புடுதாம். பாவம்" என்றான்.

சொன்னவன் அதை அப்போதே மறந்துவிட்டான். ஜோதிலட்சுமி மறக்கவில்லை. மூன்றரை மணிக்கு எழுந்து அடுப்பில் வெந்தவளைப் பார்த்து அவன் ஒருநாளும் பாவம் என்று சொன்னதில்லை. மறுநாள் காலை அரிசி அளக்கும்போதும் அவளுக்கு அதே நினைப்பு. அவள் மெலிந்தால் இவனுக்கென்ன, அவள் எங்கே தின்றால் இவனுக்கென்ன. அன்று மதியம் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், பானையில் அடிப்பருக்கைதான் இருந்தது.

பூனை என்று நினைத்தாள். பிறகு சின்னவனின் பசி என்று நினைத்தாள். பிறகு, சொல்லக் கூசினாலும், மாமியாரின் கை என்று நினைத்தாள். பானை மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துப் பார்த்தாள். குழவி வைத்தது வைத்தபடி இருக்க, உள்ளே சோறு இல்லை. எட்டாம் நாள் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே குத்தவைத்தாள். ஒன்றேகால் ஆனதும், மடை திறந்துவிட்ட வயலில் தண்ணீர் வற்றுவதைப் போல, பானைச் சோறு சத்தமில்லாமல் ஓர் ஆள் பங்கு இறங்கியது. குழம்புச் சட்டியில் இரண்டு கரண்டி இறங்கியது. அன்று பந்தலிலிருந்து பிந்தி வந்த சங்கிலியம்மாளும் நின்று பார்த்தாள். அவளுடைய பங்கு அப்படியே இருந்தது. "நல்லவேள, எம்பங்கு இருக்கு" என்று சொல்லி, போட்டுச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

எங்கே போகிறது என்பது தெரியவர மூன்று மாதம் ஆயிற்று. சங்கிலியம்மாளுக்கு இடுப்புப் பக்கம் வலி வந்து, கல்லாக இருக்கும் என்று கம்பத்துக்கு ஸ்கேன் எடுக்கப் போனாள். எடுத்து முடித்தபோது மதியமாகிவிட்டது. "அத்தே, இருந்து சாப்புட்டுப் போங்க" என்று நதியா டிபன் பாக்ஸைத் திறந்தாள். சாயங்காலம் வீடு வந்த சங்கிலியம்மாளுக்குச் சூதுவாது தெரியாது. "கல்லு ஒண்ணும் இல்லையாம்த்தா. அந்தப் புள்ள சோறு குடுத்துச்சு. தோலோட பூண்டு, கருகுன கடுகு. ஓங் கைச் சோறுதேன். ஆனா அங்கன சுடச்சுட இருக்கு" என்றாள். நதியா முதலில் கூட வேலை பார்க்கும் பிள்ளைகள்தான் வைக்கிறார்கள் என்று நினைத்தாளாம். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, காலிப் பாக்ஸையே கழுவித் துடைத்துக் கொண்டுவருகிறாளாம்.

அன்றிலிருந்து ஜோதிலட்சுமிக்கு வந்ததைப் பொறாமை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். முறைப்படி பானைக்கு வரவேண்டியவள் வராமலேயே வந்துவிட்டாள். வந்தவள் இவள் தட்டிலேயே கையை வைத்துவிட்டாள். ஜோதிலட்சுமிக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பங்கை அனுப்புவது தன் புருஷனுடைய மனசா? அவன் சட்டையை மோந்து பார்த்தாள், ஏலக்காய்தான் மணத்தது. போனை எடுத்துப் பார்த்தாள், தோட்டத்துக் கங்காணிகளும் டயர்க் கடைக்காரரும்தான் இருந்தார்கள். நேராகவே கேட்டாள். "எஞ் சோத்த அவளுக்கு அனுப்புறது நீகளா?" கருத்தக்கண்ணன் பயந்துபோய், தன் தூக்குவாளியைத் திறந்து, தான் முழுசாகத் தின்றுவிட்டதைக் காட்டினான். அந்த மனிதனுக்கு அதற்குமேல் யோசிக்க வராது.

பிறகு அவள் குழம்பில் சண்டை போட்டாள். ஒருநாள் மிளகாய்த்தூளை இரண்டு கரண்டி கூடப் போட்டாள். திலீபன் பாலிடெக்னிக் குழாயடியிலேயே நின்றான். கம்பத்தில் நதியா தயிர் வாங்கி ஊற்றிக்கொண்டாள். நதியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பாகற்காய் ஆகாது என்று மாமியார் வாயால் கேள்விப்பட்டு, ஒன்பது நாள் விடாமல் பாகற்காய் வைத்தாள். வீட்டு ஆண்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தின்றார்கள். பத்தாம் நாள் நதியாவுக்குப் பாகற்காய் பிடித்துப்போயிருந்தது. மார்கழியில் ஐயப்ப பக்தர்களை ஏற்றிக்கொண்டு கருத்தக்கண்ணன் தொடர்ந்து பத்து நாள் மலையிலேயே கிடந்தான். விரதத்தில் இருந்தான், பெண்களை நினைக்கவே நேரமில்லாமல் வண்டி ஓட்டினான். அந்தப் பத்து நாளும் சோறு போனது. அனுப்புவது அவன் இல்லை என்று தெரிந்ததில் அவளுக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவன் என்றால் மல்லுக்கட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

நாள் ஆக ஆக நதியா தேறினாள், ஜோதிலட்சுமி வற்றினாள். மதியம் அடிப்பருக்கையும் சோறூறிய நீத்தண்ணியுமாகவே கழிந்ததில், மணிக்கட்டில் இருந்த வளையல் முழங்கைவரை போய் வந்தது. வேறு ஏதாவது ஆக்கித் தின்னலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவள் தின்ன மாட்டாள். தன் பங்கு தனக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் பட்டினி கிடப்பேன் என்கிற ரோஷக்காரி. சந்தைக்குப் போனால், சீக்கா என்று நாலு பேர் கேட்டார்கள். சித்திரையில் ஒருநாள் கருத்தக்கண்ணன், மனசில் ஒன்றும் இல்லாமல், "நதியா இப்ப நல்லாத் தேறிட்டா. கன்னமெல்லாம் வச்சிருக்கு" என்றான். அன்றைக்கு அவனுக்கு ராத்திரிச் சோறு கிடையாது.

இப்படிப் பதினான்கு மாதம். புரட்டாசியில் ஒருநாள் வாழைப்பூ நறுக்கும்போது அரிவாள்மணை வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நாலு தையல். மூன்று நாள் சங்கிலியம்மாள் அடுப்படிக்கு வந்தாள். "பேரச் சொல்லிப் போடுங்கத்தே" என்று மருமகள் பக்கத்தில் நின்று சொல்ல, மாமியார் சலித்துக்கொண்டே போட்டாள். எனக்கு, கண்ணனுக்கு, பெரியவனுக்கு, சின்னவனுக்கு, ஜோதிக்கு. அந்த மூன்று நாளும் ஒன்றேகாலுக்குச் சோறு இறங்கவில்லை. குழம்பும் இறங்கவில்லை. ஜோதிலட்சுமி இடது கையில் ஸ்பூன் பிடித்து வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் மதியம் போன் வந்தது. நதியா. இருபத்திரண்டு வருடத்தில் இருவரும் நேராகப் பேசிக்கொண்டதே கிடையாது. கல்யாண வீடுகளில் தலையை ஆட்டிக்கொள்வதோடு சரி.

"அக்கா, வீட்ல எல்லாரும் சொகமா? மூணு நாளாச் சோறு வரல. ஒங்களுக்கு ஒடம்புக்கு எதுவும் ஆகிப்போச்சோன்னு மனசு கெடந்து அடிக்குது."

ஜோதிலட்சுமிக்குப் பதினான்கு மாதமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் வாய்க்கு வந்தது. "ஒருத்தி பங்கத் திங்குறமேன்னு ஒனக்கு வெக்கமா இல்லையாடி?" என்று கேட்டேவிட்டாள்.

"ஒங்க பங்கா?" என்றாள் நதியா. "எனக்குத் தெரியாதுக்கா. நீக தெனம் நெனச்சு அனுப்புறீகன்னுதேன் நெனச்சேன். யாரும் எனக்குன்னு ஒல வச்சதில்ல. மொத வாய் வைக்கையில ஒங்க பேரச் சொல்லித்தேன் வப்பேன்."

ஜோதிலட்சுமி போனை வைத்துவிட்டாள். அழுகை வந்தது, எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. நாலாம் நாள் காலை, கட்டுப்போட்ட கையோடு அவளே அரிசி அளக்க உட்கார்ந்தாள். இந்த முறை தன் வாயைத் தானே காது கொடுத்துக் கேட்டாள். அத்தைக்கு என்றது. அவுகளுக்கு என்றது. பெரியவனுக்கு, சின்னவனுக்கு என்றது. ஐந்தாவது ஆளின் மூன்று பிடியைப் போடும்போது, 'எனக்கு' என்று வரவேண்டிய இடத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு, 'நதியாவுக்கு' என்றது. பாவம் என்ற சொல் விழுந்த மறுநாளிலிருந்து அது அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறது. புருஷன் அனுப்பவில்லை, மாமியார் அனுப்பவில்லை. விடிகிறதுக்கு முன்னால் எழுந்து, எரிச்சலோடு எரிச்சலாக, தன் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரை வைத்து, தன் கையாலேயே அனுப்பியிருக்கிறாள். கோபித்துக்கொள்ள இனி ஆளே இல்லை.

அந்த அரிசியைத் திரும்ப அள்ளி அரிசிப் பானையில் போட்டுவிட்டு, 'எனக்கு' என்று சத்தமாகச் சொல்லி மறுபடி அளந்தாள். அன்று ஒன்றேகாலுக்குச் சோறு அசையவில்லை. தட்டு நிறையப் போட்டு, தட்டாம்பயற்றுக் குழம்பு ஊற்றிப் பிசைந்தாள். கம்பத்தில் கழுவித் துடைத்த காலிப் பாக்ஸை ஒருத்தி இந்நேரம் திறந்து பார்ப்பாள் என்ற நினைப்பு வந்து, வாய் வரை போன கை நின்றது. அதைப் பாவம் என்று அவள் சொல்ல மாட்டாள். அந்தச் சொல்லைத்தான் அவள் புருஷன் கெடுத்து வைத்திருந்தானே. அவளுக்கு வந்தது வேறு யோசனை. நதியா பட்டினி கிடந்து மறுபடி மெலிவாள். மெலிந்தால் அவன் ஜீப் ஸ்டாண்டில் பார்ப்பான். பார்த்தால் மறுபடி வந்து பாவம் என்பான்.

மறுநாள் காலை ஆறு பேருக்கு அளந்தாள். 'எனக்கு' என்று போட்டாள். அதற்குப் பிறகு இன்னொரு மூன்று பிடி எடுத்து, "நதியாவுக்கு" என்று பானைக்கே கேட்கும்படி சொன்னாள். எம் புருசன் வாயில் இனிமேல் ஒருத்தியைப் பற்றிப் பாவம் என்ற சொல் வரக் கூடாது, அதற்கு மூன்று பிடி அரிசி போனால் போகட்டும் என்பது அவள் கணக்கு. எடுத்துக்கொண்டு போனால்தான் எரியும், கொடுத்தால் கொடுத்தவள் கை மேலே. ஒன்றேகாலுக்கு ஒரு பங்கு இறங்கிப் போனது, ஒரு பங்கு இருந்தது. அதைச் சாப்பிட்டாள். கடுகு அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே கருகியிருந்தது.

ஐப்பசி மழையில் ஊர் முழுக்கக் காய்ச்சல். ஜோதிலட்சுமிக்கு மூட்டு மூட்டாகப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளாக எழ முடியவில்லை. கருத்தக்கண்ணன் காலையில் ஒரு பன்னும் டீயும் வாங்கித் தலைமாட்டில் வைத்துவிட்டு ஜீப்புக்குப் போனான். பிள்ளைகள் கடையில் தின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். சங்கிலியம்மாள் கஞ்சி வைக்க மறக்கவில்லை, வைக்கத்தான் நேரமில்லை. திராட்சை பழுத்து நின்றது. அடுப்புப் பற்றாத வீட்டில் மதியம் தண்ணீர் குடிக்க எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தவள், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தன் தட்டு நிமிர்ந்து இருப்பதைப் பார்த்தாள். தட்டில் உப்புமா இருந்தது. கட்டி கட்டியாக, அடிப்பிடித்து, தோலோடு நசுக்கிய பூண்டும் கருக விட்ட கடுகும் போட்டு. ஆவி பறந்தது. மணி ஒன்றேகால்.

தரையிலேயே உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டாள். கல்யாணமான பிறகு, இன்னொருத்தர் அவளுக்கென்றே தனியாகச் சமைத்து அவள் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டுப் போன் போட்டாள்.

"உப்பே போடலையேடி."

"மறந்துட்டேங்க்கா. எனக்குச் சமைக்க வராது. நேத்துச் சோறு வரல, ஒங்களுக்கு முடியலன்னு தெரிஞ்சுபோச்சு. அதேன் இன்னைக்கு லீவு சொல்லிட்டு ஒக்காந்து செஞ்சேன்."

"உப்புமாவுல எவளாச்சும் பூண்டு போடுவாளா?"

"நீக எல்லாத்துலயும் போடுவீகளே."

அதற்குப் பிறகு வார நாட்களில் கோம்பையிலிருந்து கம்பத்துக்கும், நதியாவுக்கு லீவு நாளான ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பத்திலிருந்து கோம்பைக்கும் சோறு போய் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சோறு இன்னும் குழைந்துதான் வருகிறது. இந்த வருடம் மாசியில் ஒரு ஞாயிறு, வண்டிக்கு ஓட்டம் இல்லாமல் கருத்தக்கண்ணன் வீட்டில் இருந்தான். ஒன்றேகாலுக்கு மனைவியின் தட்டில் புளிச்சோறு வந்து இறங்கியதைப் பார்த்து, "நதியா வச்சதா? ஒரு வாய் குடு, பாப்போம்" என்று கையை நீட்டினான். ஜோதிலட்சுமி தட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். "இது எனக்கு வந்தது. ஒங்களுக்குப் பானையில இருக்கு" என்றாள். அவன் எழுந்து போய்ப் பானையிலிருந்து போட்டுக்கொண்டு, போடுவதற்கு யாரும் இல்லாததால் தனக்குத்தானே மதி என்று சொல்லிக்கொண்டான். அன்றைக்குச் சந்தையில் தக்காளி கிலோ பதினெட்டு.